வேற்றுக்கோள் கதைகளில் பழங்குடி மக்கள்



நீல நிற உடலும் நீண்ட வாலும் கொண்ட நாவி மக்களை அறியாத பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் மிகக் குறைவு. 2009 டிசம்பரில் வெளியான ‘அவதார்’ திரைப்படம் தமிழிலும் குரல் கொடுக்கப்பட்டு நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது. 2022இல் இரண்டாம் பாகமும் 2025 டிசம்பரில் மூன்றாம் பாகமும் வெளிவந்தன. கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் குடும்பமாகச் சென்று இவற்றைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

படம் முடிந்து வீடு திரும்பும்போது ஒளிரும் காடுகளைப் பற்றிப் பேசுகிறோம். பறக்கும் விலங்குகளைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் வில்லும் அம்பும் ஏந்தி நிற்கும் அந்த மக்கள் யாரை நினைவூட்டுகிறார்கள், அவர்களை நாம் யாருடைய கண்கொண்டு பார்க்கிறோம் என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கதையில் வரும் மக்கள் கற்பனையாக இருக்கலாம். அக்கதை நம் பிள்ளைகளின் மனத்தில் விதைக்கும் பார்வையோ உண்மையானது. நாளை ஒரு பழங்குடி மாணவர் வகுப்பில் தங்கள் அருகே வந்து அமரும்போது, அதே பார்வையோடுதான் அவர்கள் அவரையும் பார்ப்பார்கள். எனவே இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பது பயனுள்ளது.

கதைகள் பிறந்த இடம்

அறிவியல் புனைகதைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஐரோப்பிய நாடுகள் கப்பல் ஏறி உலகைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தின் நினைவுகள் அவற்றுக்குள் புதைந்து கிடக்கின்றன. கடலுக்குப் பதில் விண்வெளி, தீவுக்குப் பதில் கோள், கப்பலுக்குப் பதில் விண்கலம் என்று மாற்றிப் பார்த்தால் பழைய கதை நமக்குத் தெரிந்துவிடும்.

இதை வெளிப்படையாகவே எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ். 1898இல் நூலாக வெளிவந்த அவருடைய ‘உலகங்களின் போர்’ என்னும் நாவலில், செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைத் தாக்குகிறார்கள். அவர்கள் கொடியவர்கள் என்று சொல்லும் முன், டாஸ்மேனியத் தீவின் மக்களுக்கு ஐரோப்பியர் செய்த கொடுமையை நினைத்துப் பார்க்கும்படி வெல்ஸ் முதல் அதிகாரத்திலேயே வாசகர்களிடம் கேட்கிறார். பிறருக்கு நாம் செய்ததை நமக்கு யாராவது செய்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வியே அந்நாவலின் உயிர்நாடி.

ஆனால் அவருக்குப் பின் வந்த பல கதைகள் இக்கேள்வியை மறந்துவிட்டன. அவற்றில் பழங்குடி மக்களைப் போன்றோர் பெரும்பாலும் மூன்று வேடங்களில் வருகிறார்கள்.

முதல் வேடம்: முகமற்ற பகைவர்

1977இல் வெளியான முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டஸ்கன் என்னும் பாலைவன மக்கள் வருகிறார்கள். முகத்தைத் துணியால் மூடியவர்கள்; அவர்கள் எழுப்பும் ஒலி விலங்கின் கனைப்பு போல் இருக்கும். அந்தப் பாலைவனத்தின் பூர்வீகக் குடிகள் அவர்கள் என்பதையோ, வெளியிலிருந்து வந்தோர் அங்கே பண்ணை அமைத்திருக்கிறார்கள் என்பதையோ அப்படம் நமக்குச் சொல்வதில்லை. 2002இல் வந்த படம் ஒன்றில், தன் தாயின் சாவுக்குப் பழிவாங்க, கதையின் நாயகன் அனாகின் டஸ்கன் ஊர் ஒன்றையே அழிக்கிறான். பெண்களும் குழந்தைகளும் அதில் மடிகிறார்கள். அவன் தீமையை நோக்கி எடுத்துவைக்கும் அடியாகத்தான் கதை இதைக் காட்டுகிறது. ஆயினும் நாம் அவனுக்காக வருந்தும் அளவுக்கு, இறந்த குழந்தைகளுக்காக வருந்த வைக்கப்படுவதில்லை. முகம் இல்லாதவருக்காக அழுவது கடினம். ஒரு மக்களை அழிக்க நினைப்பவர்கள் முதலில் அவர்களுடைய முகத்தையும் பெயரையும் அழிப்பது அதனால்தான்.

இரண்டாம் வேடம்: நம்மைக் கடவுள் என்று நம்பும் குழந்தைகள்

1983இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஈவோக் என்னும் குட்டி உருவங்கள் காட்டில் வாழ்கின்றன. பொன்னிறமான ஓர் இயந்திர மனிதனைக் கண்டதும் அதைக் கடவுள் என்று எண்ணி அவை வணங்குகின்றன. திரையரங்கில் நாம் சிரிக்கிறோம். 1968இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஒரு பகுதியிலோ, அமெரிக்கப் பூர்வகுடிகளைப் போன்ற மக்கள் வாழும் கோளில், நினைவிழந்த தலைவர் கெர்க்கைக் கடவுளாகவே கொண்டாடுகிறார்கள். அவர் மணந்துகொள்ளும் பூர்வகுடிப் பெண்ணாக நடித்தவரும் ஒரு வெள்ளையினப் பெண்ணே.

இத்தகைய காட்சிகளைப் பார்க்கும்போது திருத்தூதர் பணிகள் நூலின் 14ஆம் அதிகாரம் நமக்கு நினைவுக்கு வர வேண்டும். லிஸ்திரா நகரில், கால் ஊனமுற்ற ஒருவர் நலமடைந்ததைக் கண்ட மக்கள் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று கூவி, பலி செலுத்தக் காளைகளைக் கொண்டுவருகிறார்கள். இருவரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மக்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. தங்கள் மேலுடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்து, நாங்களும் உங்களைப் போன்ற மனிதர்களே என்று கதறுகிறார்கள்.

வியப்பு என்னவென்றால், இதே ‘ஸ்டார் டிரெக்’ பின்னர் இப்பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1989இல் வந்த ஒரு பகுதியில், வெண்கலக் கால நிலையில் வாழும் மக்கள் தலைவர் பிக்கார்டைக் கடவுள் என்று நம்பிவிடுகிறார்கள். அவர் அவர்களுடைய தலைவியைத் தம் விண்கலத்துக்கு அழைத்துச் சென்று, தம்மாலும் சாவைத் தடுக்க இயலாது என்பதைக் கண்ணால் காணச் செய்கிறார். இறுதியில் ஓர் அம்பு தம் உடலில் தைத்துக் குருதி வழிந்த பிறகே அவர் மனிதர் என்பதை அம்மக்கள் ஏற்கிறார்கள். பிறர் நம்மை உயர்த்தி வைக்கும்போது இறங்கி வருவதற்கும் துணிவு வேண்டும்.

மூன்றாம் வேடம்: வெளியாள் வந்து காப்பாற்றும் மக்கள்

மூன்றாவது வேடம் பார்ப்பதற்கு நல்லதாகத் தோன்றும். எனவே அதைக் கண்டுகொள்வது கடினம். ‘அவதார்’ படத்தில் நாவி மக்கள் அறிவும் அன்பும் நிறைந்தவர்கள். பேராசை பிடித்த சுரங்க நிறுவனமே பகைவர். ஆயினும் அம்மக்களைக் காக்க யார் வருகிறார்? அவர்களோடு சில மாதங்களே பழகிய முன்னாள் படைவீரர் ஜேக். அவர்கள் ஆயுள் முழுவதும் கற்றதை அவர் விரைவில் கற்றுவிடுகிறார். அவர்களுள் மிகச் சிலரே ஏறிய மாபெரும் பறவையில் அவரும் ஏறுகிறார். அதன் பின் அவரே தலைவர். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தங்கள் மண்ணைக் காக்கும் வழி தெரியாதா என்று நாம் கேட்பதில்லை.

இந்த ஆபத்தை 1965லேயே எச்சரித்தவர் ‘டூன்’ நாவலை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட். அதில் பாலைவன மக்கள் ஒரு மீட்பரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கை, அதிகாரத்தை நாடிய ஒரு குழுவினர் தலைமுறைகளுக்கு முன்பே திட்டமிட்டு விதைத்தது. வெளியிலிருந்து வந்த இளைஞன் அதைப் பயன்படுத்தித் தலைவனாகிறான்; அதன் விளைவு பெரும் இரத்தக்களரி. மக்களின் சமய உணர்வை ஆதிக்கத்துக்குக் கருவியாக்குவது எவ்வளவு கொடியது என்பதைச் சமய நம்பிக்கை உள்ள நாம் மற்றவர்களைவிட ஆழமாக உணர வேண்டும்.

திரைக்கு வெளியே

‘அவதார்’ வெளியானபோது, 2010 ஜனவரியில், வத்திக்கான் நாளிதழான லொசர்வத்தோரே ரொமானோ அதன் தொழில்நுட்பத்தைப் பாராட்டியது. ஆனால் இயற்கையையே வழிபடும் ஆன்மிகத்தில் கதை சிக்கிக்கொள்வதாகக் குறை கூறியது. அந்த எச்சரிக்கை நமக்குத் தேவைதான். ஆயினும் அதே நாள்களில் அப்படத்தைப் பார்த்துத் தங்கள் சொந்தக் கதை என்று உணர்ந்த மக்களும் இருந்தார்கள்.

ஒடிசா மாநிலத்தின் நியாம்கிரி மலையில் டோங்ரியா கோண்டு பழங்குடியினர் வாழ்கிறார்கள். அம்மலை அவர்களுக்குத் தெய்வம் உறையும் இடம். அதன் உச்சியில் பாக்சைட் தாது இருப்பதால், அதை வெட்டி எடுக்க ஒரு பெரிய நிறுவனம் முனைந்தது. 2010இல் பழங்குடியினரின் உரிமைக்காக உழைக்கும் சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு, இதுதான் உண்மையான ‘அவதார்’ என்று கூறி இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனிடம் உதவி வேண்டியது. ஆனால் இக்கதையின் முடிவைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம், அம்மலையைப் பற்றி அங்கு வாழும் மக்களின் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று ஒருமனதாகக் கூறின. பறவை மேல் ஏறி எந்த வெளியாளும் வரவில்லை. மழையில் நனைந்து நடந்துவந்த சாதாரண ஆண்களும் பெண்களும் தங்கள் மொழியில் பேசித் தங்கள் மலையைக் காத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பலர் துணை நின்றது உண்மை. ஆனால் முடிவு அவர்களுடையது.

கேமரூனும் சும்மா இருக்கவில்லை. 2010இல் பிரேசில் நாட்டின் சிங்கு ஆற்றங்கரைக்குச் சென்று, பெலோ மோன்ச்சே அணையை எதிர்த்த பழங்குடியினரோடு நின்றார். அந்த அணை பின்னர் கட்டி முடிக்கப்பட்டது. அந்நாள்களில் அவர் அளித்த பேட்டி ஒன்றில், அமெரிக்காவின் லகோட்டா மக்கள் தங்கள் பிள்ளைகளின் இன்றைய துயர நிலையை அன்றே கண்டிருந்தால் இன்னும் கடுமையாகப் போராடியிருப்பார்கள் என்ற பொருளில் பேசினார். 2022இல் இரண்டாம் பாகம் வந்தபோது இச்சொற்கள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அமெரிக்கப் பூர்வகுடியினர் சிலர் மனம் புண்பட்டு, படத்தைப் புறக்கணிக்கும்படி கேட்டார்கள். எங்கள் முன்னோர் போராடாமலா இருந்தார்கள், நாங்கள் இன்னும் உயிரோடுதானே இருக்கிறோம் என்பதே அவர்களுடைய வேதனை. நல்லெண்ணம் உள்ளவரும் பிறருடைய கதையைத் தாமே சொல்லத் தொடங்கும்போது எங்கே தவறுகிறார் என்பதற்கு இது ஒரு சான்று.

தொடாமல் இருப்பதும் அன்புதானா?

‘ஸ்டார் டிரெக்’ கதைகளில் ‘முதன்மைக் கட்டளை’ என்று ஒரு சட்டம் உண்டு. ஒளியை விஞ்சும் வேகத்தில் பயணம் செய்யும் ஆற்றலை எட்டாத மக்களின் வாழ்வில் தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1960களில் பிறந்த இச்சட்டத்தில் பணிவு இருக்கிறது. கூடவே ஒரு குறையும் இருக்கிறது. மக்களின் முதிர்ச்சியை அவர்களிடம் உள்ள கருவியைக் கொண்டு அளக்கிறது அது. எல்லா மக்களும் ஒரே ஏணியில் ஏறுகிறார்கள், மேல்படியில் நிற்பவர் நாமே என்ற 19ஆம் நூற்றாண்டின் எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது.

இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே ஓர் உண்மை நிகழ்வு உண்டு. அந்தமானின் வட சென்டினல் தீவில் வாழும் மக்கள் வெளியுலகத் தொடர்பை விரும்புவதில்லை. 1880இல் ஆங்கிலேய அதிகாரி போர்ட்மேன் அத்தீவிலிருந்து முதியோர் இருவரையும் குழந்தைகள் நால்வரையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துச் சென்றார். அவர்கள் விரைவில் நோயுற்றார்கள். முதியோர் இருவரும் இறந்தார்கள். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெளியார் கொண்டுவந்த நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாததால் அந்தமானின் மற்றப் பழங்குடிகள் பெருமளவில் மடிந்த வரலாறும் நம் கண்முன் இருக்கிறது. 1991இல் நம் மானிடவியலாளர்கள் தேங்காய்களோடு சென்றபோது, அத்தீவினர் அவற்றை நேரில் வந்து பெற்றுக்கொண்டார்கள். அப்படி நட்பு மலர்ந்த பின்னும், அவர்களுடைய நலன் கருதி இந்திய அரசு அப்பயணங்களைக் கைவிட்டது. 2018 நவம்பரில், நற்செய்தி அறிவிக்கும் ஆவலோடு தடையை மீறிச் சென்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் அங்கே உயிரிழந்தார். அவருடைய ஆர்வத்தை நாம் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் நாம் சுமந்து செல்லும் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல் ஒரு குழந்தையின் உயிரைக் குடிக்குமானால், அருகே செல்லாமல் இருப்பதே அக்குழந்தைக்கு நாம் காட்டும் அன்பாக இருக்கலாம்.

இதையே ஒரு நாவல் நம் நெஞ்சைத் தொடும்படி சொல்கிறது. மேரி டோரியா ரஸல் 1996இல் எழுதிய ‘சிட்டுக்குருவி’ என்னும் நாவலில், இயேசு சபைக் குருக்களும் அவர்களுடைய நண்பர்களும் வேற்றுக்கோளுக்குச் செல்கிறார்கள். ஆதாயம் தேடி அல்ல, அன்பினால் செல்கிறார்கள். அங்கே உணவுக்காகச் சிறு தோட்டங்கள் போடுகிறார்கள். அதைப் பார்த்து அவ்வூர் மக்களும் தோட்டம் போடுகிறார்கள். உணவு பெருகுகிறது, குழந்தைகள் பெருகுகிறார்கள். அம்மக்களை ஆளும் மற்றோர் இனம் இதைப் பொறுக்காமல் அக்குழந்தைகளைக் கொல்ல வருகிறது. ஒரு காய்கறித் தோட்டம் பேரழிவாக முடிகிறது. கொலம்பஸ் பயணத்தின் 500ஆம் ஆண்டு நினைவு கொண்டாடப்பட்ட 1992ஆம் ஆண்டின் விவாதங்களே ஆசிரியரை இந்நாவல் எழுதத் தூண்டின. அன்றைய மறைபணியாளர்களை இன்று எளிதாகக் குறை கூறும் நாம், அவர்களுடைய இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவர் கேட்கிறார்.

நம் சொந்த வீட்டுக் கதை

இக்கேள்வியிலிருந்து திருச்சபையும் விலகி நிற்க முடியாது. 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்கப் பூர்வகுடியினர் உண்மையான மனிதர்கள், அவர்களை அடிமைப்படுத்தவோ அவர்களுடைய உடைமைகளைப் பறிக்கவோ கூடாது என்று அறிவித்தார். ஒருவர் மனிதர்தான் என்று எழுதி அறிவிக்க வேண்டிய நிலை இருந்தது என்பதே எவ்வளவு வேதனையானது! அந்த அறிவிப்பையும் பலர் மதிக்கவில்லை. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடா நாட்டின் மாஸ்க்வாசிஸ் என்னும் இடத்துக்குச் சென்று, உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட தீமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச் 30 அன்று, பிறருடைய நிலத்தைக் ‘கண்டுபிடித்தவருக்கே’ அது சொந்தம் என்ற பழைய கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக மறுத்து அறிவித்தது. எனவே திரையில் வரும் சுரங்க நிறுவனத்தைப் பார்த்துக் கோபப்படும்போது, நம் வரலாற்றையும் பணிவோடு திரும்பிப் பார்ப்பது நல்லது.

மாறிவரும் காட்சி

நம்பிக்கை தரும் மாற்றங்களும் நிகழ்கின்றன. 1995இல் தொடங்கிய ஒரு ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் சக்கோட்டே என்னும் பூர்வகுடி அதிகாரி முக்கிய இடம் பெற்றார். நல்ல முயற்சிதான். ஆனால் அதற்கு ஆலோசகராக அமர்த்தப்பட்ட ஜமேக் ஹைவாட்டர், தம்மைச் செரோக்கி இனத்தவர் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டவர் என்பது 1984லேயே வெளிப்பட்டிருந்தது. அதனால் அப்பாத்திரம் எந்த இனத்துக்கும் உரியதாக இல்லாமல் பொதுவான ஒரு கலவையாகவே நின்றது.

இதற்கு மாறாக, 2022இல் வந்த ‘பிரே’ படத்தைப் பாருங்கள். 1719ஆம் ஆண்டில் கொமாஞ்சி இனப் பெண் ஒருவர் வேற்றுக்கோள் வேட்டையனை எதிர்கொள்ளும் கதை அது. தயாரிப்பாளர்களுள் ஒருவரே கொமாஞ்சி இனத்தவர். கதாநாயகியாக நடித்தவரும் பூர்வகுடியினர். படம் முழுவதும் கொமாஞ்சி மொழியிலும் கிடைக்கிறது. அவர் வெல்வது வெளியார் தந்த ஆயுதத்தால் அல்ல. உடல் வெப்பத்தைக் குறைக்கும் ஒரு மூலிகைப் பூவைப் பற்றிய அறிவும், பகைவனைப் பொறுமையாகக் கவனித்ததுமே அவருக்குத் துணை நின்றன. தொழில்நுட்பம் என்றால் இயந்திரம் மட்டுமே என்று எண்ணும் நமக்கு இது நல்ல பாடம்.

‘ஸ்டார் வார்ஸ்’ உலகிலும் டஸ்கன் மக்களுக்கு இப்போது முகம் கிடைத்திருக்கிறது. செவித்திறன் இல்லாத நடிகர் டிராய் காட்சர் அவர்களுக்கென ஒரு சைகை மொழியை உருவாக்கினார். 2021இன் இறுதியில் தொடங்கிய தொடர் ஒன்றில் மவோரி இனத்து நடிகர் டெமுவேரா மாரிசன், தம் இனத்தின் நடன மரபை டஸ்கன் மக்களின் காட்சிகளுக்குள் கொண்டுவந்தார். 2013 ஜூலையில் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் அமெரிக்காவின் நவஹோ மொழியில் குரல் கொடுக்கப்பட்டுத் திரையிடப்பட்டது. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து தங்கள் தாய்மொழியில் அதைக் கேட்டார்கள். ஏளனமாகச் சித்தரிக்கப்பட்டு வந்தவர்கள், அதே கதையைத் தங்கள் மொழியைக் காக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார்கள்!

நாம் செய்யக்கூடியது

பிள்ளைகளை இப்படங்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டியதில்லை. அவர்களோடு அமர்ந்து பார்ப்போம். பார்த்த பின் சில கேள்விகளைக் கேட்போம். இக்கதையில் அந்த மக்களுக்குப் பெயர் இருக்கிறதா? அவர்கள் தங்கள் மொழியில் பேசுகிறார்களா? அவர்கள் தாமாக ஏதேனும் முடிவு செய்கிறார்களா, இல்லை வெளியாள் ஒருவர் வந்து முடிவு செய்கிறாரா? அவர்களிடமிருந்து நாயகன் எதையாவது கற்றுக்கொண்டானா, கற்றதற்கு நன்றி சொன்னானா?

பிறகு அதே கேள்விகளை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம். மலைக்கிராமங்களுக்கு உதவிப் பொருள் கொண்டுசெல்லும் நம் பங்கின் இளையோர், அங்கே யாருடைய பெயரையாவது கேட்டு அறிந்து திரும்புகிறார்களா? அம்மக்களுக்கு என்ன வேண்டும் என்று நாம் முதலில் கேட்டோமா? அவர்களோடு எடுத்த புகைப்படங்களில் அவர்கள் யாராகத் தெரிகிறார்கள்?

லிஸ்திரா நகரில் பவுலும் பர்னபாவும் உடையைக் கிழித்துக்கொண்டு ஓடியது மக்களை விட்டு விலக அல்ல, அவர்கள் நடுவே செல்லத்தான். வேற்றுக்கோள் என்றாலும் நம் பக்கத்து மலை என்றாலும், நாமும் உங்களைப் போன்ற மனிதர்களே என்று சொல்லி அவர்கள் அருகே அமர்வோம். அதன் பின் அவர்கள் பேசட்டும், நாம் செவிமடுப்போம்.